நெற்றி விளக்கு பேட்டரியும் வேப் குழாயும்



சென்ற இதழ்களில் சர்க்கரை வியாதியைப் பற்றியும் எலிக் காய்ச்சலைப் பற்றியும் எழுதியிருந்தேன். இந்த முறை ஒரு பேட்டரியைப் பற்றி எழுதப் போகிறேன். சுகாதாரப் பக்கத்தில் பேட்டரிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஓர் இளைஞனின் தொடையைப் பார்க்கும் வரை.

அவனுக்கு 22 வயது. செம்பனையில் குலை வெட்டுபவன். அம்மா பால் மரம் வெட்டுகிறார். விடியற்காலையில் அவர் நெற்றியில் கட்டிக்கொண்டு போகும் விளக்கு, சார்ஜ் செய்கிற பேட்டரியில் எரிவது. ஒரு நாள் மாலை இவனுடைய வேப்பில் பேட்டரி தீர்ந்துவிட்டது. பார்த்தான். அம்மாவின் தலை லைட்டில் இருப்பதும் அதே நீளம், அதே பருமன். கழற்றி வேப் குழாயில் போட்டான். சரியாகப் பொருந்தியது. நாலைந்து இழுப்பு இழுத்ததும் குழாய் கையில் பிடிக்க முடியாமல் சுட்டது. "என்னாடா இது" என்று பேட்டரியை வெளியே எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போயிருக்கிறான். பையில் வீட்டுச் சாவியும் சில்லறைக் காசும் கிடந்தன. பாதி வழியில் பை சீறியது. கால்சட்டையைக் கழற்றுவதற்குள் வலது தொடையும் மூன்று விரலும் வெந்துவிட்டன.

இரவு எட்டரை மணிக்கு என் வீட்டு வாசலில் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். குழாய்த் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருக்கும்போது அவன் அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. "ஐயா, பத்து மாசமா அதே பேட்டரியத்தான் நான் தலையில கட்டிக்கிட்டு மரம் வெட்டுறேன். எனக்கு ஒன்னும் ஆகலயே. இவனுக்கு மட்டும் ஏன்யா?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், ஐந்தாம் படிவத்தில் படித்த ஒரே ஒரு வகுத்தல் கணக்குதான்.

முதலில் அந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மின் சிகரெட்டை, அதாவது நாம் வேப் என்று சொல்வதை, 2003-ஆம் ஆண்டு சீனாவில் ஹோன் லிக் என்ற மருந்தாளர் உருவாக்கினார். உள்ளே இருப்பது அதிகமில்லை. ஒரு பேட்டரி. அதன்மேல் திருகி மாட்டுகிற தலைப்பகுதி, அதற்குப் பெயர் அட்டமைசர். அட்டமைசருக்குள் சுருள் சுருளாகச் சுற்றிய ஒரு சின்னக் கம்பி, அதைத்தான் காயில் என்கிறார்கள். காயிலுக்கு நடுவே பஞ்சு. பஞ்சு நிறையத் திரவம். பொத்தானை அழுத்தினால் கம்பி சுடும், திரவம் ஆவியாகும். தண்ணீர் சூடாக்கும் கெட்டிலில் இருக்கிற அதே வித்தைதான்.

அந்தக் கம்பி மின்சாரத்தை எவ்வளவு தடுத்து நிறுத்துகிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. மின்தடை என்பார்கள். ஓம் என்ற கணக்கில் அளப்பார்கள். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டினால் தண்ணீர் நிதானமாக வரும். யானைத் தும்பிக்கை மாதிரி பெரிய குழாயை மாட்டினால் கொட்டோ கொட்டென்று கொட்டும். தடை அதிகம் என்றால் மெல்லிய குழாய். தடை குறைவு என்றால் பெரிய குழாய். அப்படிப் பாய்கிற மின்சாரத்தின் அளவுதான் ஆம்பியர்.

இப்போது கணக்கு. நெற்றி விளக்கிலும் வேப்பிலும் போடுகிற அந்த உருளைப் பேட்டரிக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் பருமன், 65 மில்லிமீட்டர் நீளம். முழுக்கச் சார்ஜ் ஆனதும் அதில் 4.2 வோல்ட் இருக்கும். இந்த 4.2-ஐக் காயிலின் ஓமால் வகுத்தால் வருவதுதான் பேட்டரியிடம் நாம் கேட்கிற ஆம்பியர்.

ஆரம்பக் காலத்தில் வந்த சிகரெட் வடிவ வேப்புகளில் காயில் 2 ஓம் அளவில் இருந்தது. 4.2-ஐ 2-ஆல் வகுத்தால் 2.1 ஆம்பியர். சாதுவான கணக்கு. 1 ஓம் போட்டால் 4.2 ஆம்பியர். 0.5 ஓம் என்றால் 8.4. இப்போது நம் பையன்கள் மேகம் மாதிரி புகை விட வேண்டும் என்று 0.2 ஓம் போடுகிறார்கள். வகுத்துப் பாருங்கள், 21 ஆம்பியர்! 0.1 ஓம் என்றால் 42. பார்த்தால் 2, 1, அரை, கால் என்று எண் குறைந்துகொண்டேதான் போகிறது. எண் குறைந்தால் ஆபத்தும் குறைவு என்று நினைக்கிறவர்கள் உண்டு. என்னிடமே ஒருவன், "ஐயா, நான் கம்மியாத்தான் போடுறேன், பாய்ண்ட் ரெண்டுதான்" என்று சொல்லியிருக்கிறான். இங்கே விஷயம் தலைகீழ். எண் பாதியானால் பேட்டரியின் சுமை இரண்டு மடங்கு.

அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். நெற்றி விளக்கு அந்தப் பேட்டரியிடம் கேட்பது ஒரு ஆம்பியரை ஒட்டித்தான். மகனுடைய காயில் 0.2 ஓம். அது கேட்பது 21. மூன்று டன் லோரியில் அறுபது டன் குலையை ஏற்றினால் என்ன ஆகும்? லோரி நகராது, அச்சு முறியும். பேட்டரிக்கு முறிவதற்கு அச்சு இல்லை. கேட்டதை முக்கி முக்கிக் கொடுக்கப் பார்க்கும். முழு 21-ஐயும் அதனால் கொடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அது முக்குகிற முக்கலெல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே சூடாக மாறுகிறது. இன்னொரு விஷயமும் உண்டு. அந்தச் சூடு ஆம்பியரோடு சமமாக ஏறுவதில்லை. இரண்டு மடங்கு மின்சாரம் எடுத்தால் நான்கு மடங்கு சூடு. பத்து மடங்கு எடுத்தால் நூறு மடங்கு. தலையில் கட்டும்போது இளஞ்சூடுகூடத் தெரியாத பேட்டரி, குழாயில் போட்டதும் கையைச் சுட்டதற்குக் காரணம் இதுதான்.

பேட்டரிக்குள் பாசிட்டிவ் பக்கத்துத் தகட்டையும் நெகட்டிவ் பக்கத்துத் தகட்டையும் பாய் சுருட்டுவது போலச் சேர்த்துச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் நடுவே இருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். சூடு எல்லை மீறினால் அந்தத் தாள் உருகும். தகடுகள் ஒன்றையொன்று தொடும். உள்ளே ஊறியிருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. பிறகு நடப்பதை யாரும் நிறுத்த முடியாது. வினாடிக் கணக்கில் சீறும், புகையும், நெருப்பைக் கக்கும்.

அவன் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டானே, பிறகு ஏன் வெடித்தது என்று கேட்கலாம். பேட்டரியின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது பாருங்கள், அது அழகுக்கு இல்லை. நுனிப் பொட்டு மட்டும்தான் பாசிட்டிவ். மற்றபடி இரும்பு உடம்பு முழுக்க நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவே வேலி அந்த உறையும், நுனியைச் சுற்றியுள்ள சின்ன வளையமும்தான். குழாயின் சூட்டில் உறை சுருங்கிப் பிய்ந்துவிட்டது. பைக்குள் சாவி ஒரு பக்கம் நுனியையும் ஒரு பக்கம் உடம்பையும் தொட்டது. சாவியும் ஒரு காயில்தான் தோழர்களே! அதற்கு ஓம் கிட்டத்தட்டப் பூஜ்யம். 4.2-ஐப் பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும் என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

இது எங்கோ ஒருவனுக்கு நடந்த அதிசயம் இல்லை. அமெரிக்காவின் தீயணைப்புத் துறை நிர்வாகம் 2009 முதல் 2016 வரை செய்திகளில் வந்த வேப் தீ, வெடிப்புச் சம்பவங்களைத் திரட்டியது. மொத்தம் 195. அதில் 61 சம்பவங்களில் வேப்போ மாற்றுப் பேட்டரியோ சட்டை, கால்சட்டைப் பையில்தான் இருந்தது. வாயில் வைத்து இழுக்கும்போது 60. சார்ஜ் ஏறும்போது 48. அதாவது வாய்க்கு எவ்வளவு ஆபத்தோ, பைக்கும் அவ்வளவு ஆபத்து. அதே நாட்டில் 2018 மே மாதம் புளோரிடாவிலும் 2019 ஜனவரியில் டெக்சஸிலும் வேப் வெடித்து ஆளுக்கொரு உயிர் போனது. இரண்டிலும் உடைந்த துண்டுகள் துப்பாக்கிக் குண்டு போல உடம்புக்குள் பாய்ந்தன.

வேப்பில் இரண்டு ஜாதி உண்டு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, உள்ளே மின்சுற்றுப் பலகை உள்ள பெட்டி. காயில் தவறாக இருந்தால் அது வேலை செய்ய மறுக்கும். மற்றொன்று வெறும் குழாய். மெக்கானிக்கல் மோட் என்பார்கள், பையன்கள் 'மெக்' என்று செல்லமாகச் சொல்கிறார்கள். அதில் பித்தளை அல்லது செம்புக் குழாய், ஒரு பொத்தான், அவ்வளவுதான். காவல்காரன் யாரும் இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது லயத்து வீட்டில் ஃபியூஸ் போனால், பெரியவர்கள் சிகரெட் டப்பாவின் வெள்ளித் தாளைச் சுருட்டி வைத்து விளக்கை எரிய விடுவார்கள். விளக்கு எரியும், சுவருக்குள் கம்பியும் சேர்ந்து எரியும். மெக் குழாய் என்பது ஃபியூஸே இல்லாமல் கட்டிய வீடு. புளோரிடாவில் இறந்தவர் கையில் இருந்ததும் இந்த ஜாதிதான்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், குழாய் ஜாதியை நம் தோட்டத்துக்குள்ளேயே விடக்கூடாது. ஆனால் நான் சொல்லி எந்த இளைஞன் கேட்டான்? ஆகையால், எப்படியும் போடுவேன் என்பவர்களுக்காவது நாலு விஷயம் சொல்லி வைக்கிறேன்.

பேட்டரி தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் காயில் மாட்டாதே. நல்ல கம்பெனிகள் அந்த எண்ணை வெளிப்படையாகக் கொடுக்கின்றன. உயர்ந்த ரகங்கள் 20, 25 ஆம்பியர் வரை தாங்கும். விளக்குக்காகச் செய்த மலிவு ரகங்கள் சில ஆம்பியருக்கு மேல் தாங்காது. லேபிளில் கொட்டை எழுத்தில் இருக்கிற 40 ஆம்பியரை நம்பிவிடாதே, பெரும்பாலும் அது சில வினாடி மட்டும் தாங்குகிற அளவு. 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்த நெற்றி விளக்கு பேட்டரிகளை நானே சந்தையில் பார்த்திருக்கிறேன். இந்த அளவுப் பேட்டரியில் நல்ல கம்பெனிக்காரனே 3500-ஐ ஒட்டித்தான் அடைக்க முடிகிறது. கொள்ளளவிலேயே பொய் சொல்கிறவன் ஆம்பியரில் உண்மை பேசுவானா? பழைய லெப்டோப்பைப் பிரித்து எடுத்த பேட்டரிக்கும் இதே பேச்சுதான்.

அளக்காமல் மாட்டாதே. அளப்பதற்கென்றே சின்ன ஓம் மீட்டர் விற்கிறது. மின்கம்பி வேலைக்காரர் வைத்திருக்கும் சாதாரண மீட்டரை இதற்கு நம்ப முடியாது. அதன் கம்பிகளுக்கே 0.1, 0.2 ஓம் இருக்கும். அது 0.3 என்று காட்டினால் உன் காயில் உண்மையில் 0.1 ஆகவும் இருக்கலாம். இந்த வித்தியாசம் 2 ஓம் காயிலில் ஒன்றுமில்லை, 0.1 காயிலில் உயிர். இன்னொன்று, இரண்டு காயில் சேர்த்து வைத்தால் தடை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதியாகக் குறையும். 0.4 ஓம் காயில் இரண்டு வைத்தால் 0.2. தொட்டியில் இரண்டாவது குழாயைப் போட்ட மாதிரி.

குழாயில் இரண்டு பேட்டரியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிற ரகமும் வந்திருக்கிறது. அங்கே வோல்ட் 8.4. அதே 0.2 காயிலுக்கு 42 ஆம்பியர். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

சில அட்டமைசர்கள் பேட்டரியின் தலையில் நேராக உட்காரும். அவற்றின் அடியில் நடு ஊசி நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஊசி உள்ளே அமுங்கியிருந்தால் சுற்று விளிம்பே பேட்டரி நுனியைத் தொட்டுவிடும். காயில் எத்தனை ஓமாக இருந்தாலும் அப்போது பிரயோசனமில்லை, சாவி தொட்ட கதைதான்.

மின்சுற்றுப் பெட்டி வைத்திருப்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அங்கே பேட்டரியின் சுமையைத் தீர்மானிப்பது ஓம் இல்லை, நீங்கள் வைக்கிற வாட். ஒற்றைப் பேட்டரிப் பெட்டியில் 80 வாட் வைத்தால், பேட்டரி இறங்கி 3.2 வோல்ட் ஆகும்போது அது 25 ஆம்பியர் கொடுக்க வேண்டியிருக்கும். பேட்டரி தளரத் தளரச் சுமை ஏறும். கிழ மாட்டை விரட்டுவது போல.

இத்தனை சூட்டில் வருகிற ஆவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காயில் தடை குறையக் குறைய ஒரே இழுப்பில் அதிகத் திரவம் ஆவியாகும், அதோடு நிக்கோட்டினும். சின்ன வேப்புக்காக விற்கிற கடுமையான நிக்கோட்டின் திரவத்தைப் பெரிய காயிலில் ஊற்றினால் தலை சுற்றும், குமட்டும், வியர்த்துக் கொட்டும். மருந்து அடிக்கிற வேலைக்காரர் இந்த அடையாளங்களோடு வந்தால் எனக்குப் பெரிய குழப்பம், பூச்சிமருந்து விஷமும் இப்படித்தான் தொடங்கும். ஒரு காலத்தில் நிக்கோட்டினையே பூச்சிமருந்தாகத் தெளித்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே வேப் இழுத்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். திரவப் போத்தலைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் போத்தலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இனி, காயம் பட்டால் செய்ய வேண்டியது. பேட்டரி சுட்டாலோ சீறினாலோ அதைத் திரும்பக் கையில் எடுக்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு, காற்றுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி நில்லுங்கள். பையில் இருந்தால் கால்சட்டையை உடனே அவிழ்த்து எறியுங்கள், அந்த நேரத்தில் மானம் பார்க்க வேண்டாம். தோலில் ஒட்டிய கறுப்புத் தூளைத் துணியால் தட்டிவிட்டு, ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் வையுங்கள். ஐஸ் வேண்டாம். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், விரல் வீங்கிய பிறகு கழறாது. பற்பசை, கிச்சாப், மார்ஜரின், முட்டை வெள்ளைக்கரு, இவை எதையும் தடவாதீர்கள். அந்தப் பையனுக்கு வழியிலேயே யாரோ பற்பசை பூசியிருந்தார்கள், அதைக் கழுவி எடுப்பதற்குள் அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடிக் கொண்டுவாருங்கள். ஆஸ்பத்திரியில் "நெருப்புச் சுட்டது" என்று மட்டும் சொல்லாமல் "பேட்டரி வெடித்தது" என்று சொல்ல வேண்டும். பேட்டரித் திரவமும் தோலை அரிக்கும். லிட்மஸ் தாள் வைத்துப் பார்த்து அவர்கள் அதற்கேற்ப மருத்துவம் செய்வார்கள்.

அந்தப் பையனுக்கு இடது தொடையிலிருந்து தோலை எடுத்து வலது தொடையில் ஒட்டினார்கள். அவனுக்கு ஆஸ்பத்திரி விடுப்பு உண்டு என்பதே தெரியவில்லை, கூலி போயிற்றே என்று அழுதான். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. கடிதத்தைக் கிராணியிடம் கொடுத்து நகலைச் சங்கப் பிரதிநிதியிடமும் கொடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபர் 1-இல் அமலுக்கு வந்த சட்டம் 852-இன்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வேப் விற்பது குற்றம். ஜொகூரில் 2016 முதலே விற்பனைக்குத் தடை. பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அங்கே 2018 பிப்ரவரி முதல் பையில் வைத்திருப்பதே குற்றம். விட்டுவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் ஆலோசனை தருகிறார்கள். என்னிடம் வந்தால் கடிதம் எழுதித் தருகிறேன்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். நெற்றி விளக்கைக் கழற்றியதும் பேட்டரி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். காணோம் என்றால் மகனிடம் கேளுங்கள். திரும்பக் கிடைத்த பேட்டரியின் உறை கிழிந்திருந்தாலோ, நசுங்கியிருந்தாலோ, ஒரு தடவை நன்றாகச் சூடாகியிருந்தாலோ அதை மறுபடி தலையில் கட்டாதீர்கள். மாற்றுப் பேட்டரி வைத்திருப்பவர்கள் மூடியுள்ள பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் தனியாக வையுங்கள். மெத்தைமேல் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

கெட்டுப்போன பேட்டரியை லயத்துக்குப் பின்னால் உள்ள குப்பைக் குழியில் போட்டுக் கொளுத்துகிற வழக்கம் இருக்கிறது. கொளுத்தினால் வெடிக்கும், பக்கத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். என் மருந்தகத்து வாசலில் மணல் நிரப்பிய வாளி ஒன்று வைத்திருக்கிறேன். பேட்டரியின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டிக் கொண்டுவந்து அதில் போடுங்கள். மாதம் ஒரு தடவை மருந்து வாங்கப் பட்டணத்துக்குப் போகும்போது மின்கழிவு சேர்க்கிற இடத்தில் நானே கொடுத்துவிட்டு வருகிறேன்.